சிறுத்தைகள் வாழும் நாட்டில் சிவிங்கிப்புலியை எங்கே விடுவது? கூனோ, காந்தி சாகர், நௌராதேகி, பன்னி: ஓர் ஒப்பீடு

இந்தியாவில் உறுதியாகப் பதிவான கடைசிச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) மூன்றும் 1947-இல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கோரியா சமஸ்தானத்தில் சுடப்பட்டன. 1952-இல் அந்த இனம் இந்நாட்டில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரி 18 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதற்குப் பின் இத்திட்டத்தைப் பற்றி எழுந்த பேச்சு பெரும்பாலும் சாவுகளைப் பற்றியதாகவே இருந்தது. சிறுநீரகக் கோளாறு, இணைசேரும்போது ஆண்கள் தாக்கியது, மே மாத வெயிலில் வாடி இறந்த மூன்று குட்டிகள், மழைக்காலத்தில் ரேடியோ காலருக்கு அடியில் புண்ணாகிக் குருதியில் நஞ்சேறியது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. இவை எல்லாம் மருத்துவத்தாலும் மேலாண்மையாலும் ஓரளவு திருத்திக்கொள்ளக் கூடியவை. அப்படித் திருத்திவிட முடியாத காரணி ஒன்று காட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது சிறுத்தை (லெப்பர்ட்).

இனிமேல் விடப்படும் சிவிங்கிப்புலிகளுக்கு எந்த இடம், எந்த ஏற்பாடு பொருத்தமானது என்ற கேள்வியை இரையின் அளவையும் பரப்பையும் கொண்டே பெரும்பாலும் விவாதிக்கிறார்கள். அவை முக்கியமானவைதாம். ஆயினும், தன்னைவிட வலிய ஊனுண்ணியின் அருகில் சிவிங்கிப்புலி எப்படி வாழ்கிறது, எப்போது வாழ முடியாமல் போகிறது என்பதை முதலில் வைத்துப் பார்த்தால் இடங்களின் தர வரிசையே மாறிவிடுகிறது.

பெரிய ஊனுண்ணி சிறியதை மூன்று விதங்களில் அழுத்துகிறது: நேராகக் கொல்கிறது; கொன்ற இரையைப் பறித்துக்கொள்கிறது; தான் இருப்பதாலேயே நல்ல இடங்களை விட்டு அதை ஒதுங்கச் செய்கிறது. சிவிங்கிப்புலியைப் பொறுத்தவரை இரையைப் பறிகொடுப்பது வெளியில் தெரிவதைப் போல அவ்வளவு பெரிய இழப்பன்று. தெற்கு ஆப்பிரிக்காவில் அவற்றின் ஆற்றல் செலவை அளந்தபோது, பறிபோன இரைக்கு மாற்றாக மறுபடி வேட்டையாடுவதைவிட, இரையைத் தேடி நடப்பதே கூடுதல் செலவு வைப்பது தெரியவந்தது. உண்மையான அடி குட்டிகள்மீது விழுகிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியில் 1990-களில் வெளியான ஆய்வின்படி, பிறந்த குட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் தாயைப் பிரிந்து தனியே வாழும் பருவத்தை எட்டவில்லை. இறந்தவற்றில் பெரும்பகுதி சிங்கங்களால் இறந்தவை. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, சிங்கம் இருக்கும் காப்பகத்தில் சிவிங்கிப்புலிக்கு எதிர்காலமே இல்லை என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது.

பின்னர் வந்த இரண்டு சான்றுகள் அந்த முடிவைத் தளர்த்தின. தெற்கு ஆப்பிரிக்காவின் கலகாடி வறண்ட நிலத்தில் செய்த நீண்ட ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குட்டிகள் பிழைத்தன. செரெங்கெட்டியிலேயே 1966 முதல் 1998 வரையிலான பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிங்கங்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகிய அதே காலத்தில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் குறைந்து மறைந்தே போயின. சிவிங்கிப்புலிகளோ பெரிதாகக் குறையவில்லை. காட்டுநாய்கள் சிங்கம் புழங்கும் பெரும்பரப்புகளை முழுவதுமாகக் கைவிட்டன. சிவிங்கிப்புலிகள் அப்படிச் செய்யாமல், அதே நிலத்தில் இருந்துகொண்டே அந்தந்த வேளையில், சில நூறு மீட்டர் விலகித் தப்பின. ஒலிபெருக்கியில் சிங்கத்தின் குரலையும் கழுதைப்புலியின் குரலையும் ஒலிக்கச் செய்த சோதனைகளில், சிவிங்கிப்புலிகள் எழுந்து எதிர்த்திசையில் நகர்ந்துவிடுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே, சிவிங்கிப்புலி வாழ்வதற்குப் பெரிய விலங்கே இல்லாத நிலம் தேவை என்பதில்லை. பெரிய விலங்கு இருப்பதை முன்கூட்டியே அறிந்து விலகிக்கொள்ள இடம் தரும் நிலம் தேவை. நான்கு இடங்களையும் இந்த அளவுகோலைக் கொண்டே நிறுத்துப் பார்க்கிறேன்.

ஆப்பிரிக்கச் சான்றுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாமல் செய்வது சிறுத்தையின் இயல்பு. கிர் பகுதிக்கு வெளியே இந்தியாவில் சிங்கம் இல்லாததால், குட்டிகளுக்கு முதன்மை எதிரியாகச் சிறுத்தைதான் இருக்கும் என்று இத்திட்டத்துக்குத் துணைநின்ற தென்னாப்பிரிக்க வல்லுநர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நாட்டின் வேலியிட்ட காப்பகங்களில் இறக்கும் சிவிங்கிப்புலிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிற ஊனுண்ணிகளாலேயே இறக்கின்றன. உடலளவில் சிறுத்தை சிங்கத்தைவிட மிகச் சிறியது. வளர்ந்த சிவிங்கிப்புலியை அது கொல்வது அரிது. ஆனால் சிங்கம் கூட்டமாக வெட்டவெளியில் படுத்திருக்கும், இரவெல்லாம் கர்ச்சிக்கும். அது எங்கிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். சிறுத்தை தனியாக, ஓசையின்றி, தாய் குட்டிகளை மறைத்து வைக்கும் அதே புதரிலேயே பதுங்கும். விலகிக்கொள்வதையே தற்காப்பாகக் கொண்ட விலங்குக்கு, கண்ணில் படாத எதிரி சிறியதாக இருந்தாலும் கடினமானது. புதர் அடர அடர இந்தக் கடினம் கூடும் என்பதே என் கணிப்பு.

முதல் வழி, கூனோவின் திறந்த காட்டில் சிறுத்தைகளை அகற்றாமல் அவற்றோடு வாழவிடுவது. ஏறத்தாழ 748 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவிலிருந்து இருபத்துநான்கு கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அந்த மக்கள் வெளியேறியது சிவிங்கிப்புலிக்காக அன்று, குஜராத்திலிருந்து வரவேண்டிய சிங்கத்துக்காக. 2013-இல் உச்ச நீதிமன்றம் சிங்கங்களைக் கூனோவுக்குக் கொண்டுவர ஆணையிட்டது. சிங்கம் வரவில்லை, 2020-இல் அதே நீதிமன்றம் சிவிங்கிப்புலிக்கு அனுமதி தந்தது. இரண்டையும் ஒரே காட்டில் வைப்பதா என்ற கேள்வியை இன்றளவும் யாரும் நேராக எதிர்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

கூனோவில் சிறுத்தைகள் மிகுதி. அரசின் செயல்திட்டம் பூங்காவின் தாங்குதிறனை 21 சிவிங்கிப்புலிகள் என்று கணித்தது; இரண்டுக்கும் முதன்மையான இரை அதே புள்ளிமான்தான். முதல் விலங்குகள் வந்து இறங்குவதற்கு முன்பே, அவற்றுக்காகக் கட்டிய வேலிக்குள் சிறுத்தைகள் புகுந்துவிட, அவற்றை வெளியேற்றச் சாத்பூராவிலிருந்து யானைகளை வரவழைக்க வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் காலர்ச் சிக்கலால் அனைத்தையும் பிடித்து அடைப்புக்குள் கொண்டுவந்தபின், நீண்ட காலம் அங்கே சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் இடையில் உண்மையான சோதனை பெரிதாக நடக்கவில்லை. அந்தக் காலத்துப் புள்ளிவிவரங்களைக் காட்டி, சிறுத்தையால் ஆபத்தில்லை என்று சொல்வது அடைப்பின் வெற்றியைக் காட்டின் வெற்றியாகக் காட்டுவதாகும். 2024 டிசம்பரில் அக்னி, வாயு என்னும் இரு ஆண்களும், 2025 பிப்ரவரியில் ஆஷாவும் அதன் மூன்று குட்டிகளும், தொடர்ந்து ஜ்வாலாவும் அதன் குட்டிகளும் திறந்துவிடப்பட்ட பின்னரே கணக்கு தொடங்குகிறது. 2025 செப்டம்பரில் ஜ்வாலாவின் இருபது மாதப் பெண் குட்டி இறந்துகிடந்தது. சிறுத்தையோடு ஏற்பட்ட மோதலே காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்டமாகக் கருதப்பட்டது. ஒரு சாவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனால், தாயைவிட்டுப் பிரிந்து தனியே திரியத் தொடங்கும் பருவத்து விலங்குகூடத் தப்பவில்லை என்றால், ஆபத்து குட்டிகள் மறைவிடத்தில் இருக்கும் முதல் சில வாரங்களோடு முடிந்துவிடவில்லை என்று பொருள்.

கூனோவின் வலிமை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. செரெங்கெட்டியில் ஒரு பெண் சிவிங்கிப்புலி நடமாடும் பரப்பு ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர், அதாவது கூனோ முழுவதையும்விடச் சற்றே பெரியது. ஓபன் என்று அழைக்கப்பட்டுப் பின்னர் பவன் என்று பெயர் மாற்றப்பட்ட ஆண், 2023-இல் பூங்காவை விட்டுத் திரும்பத் திரும்ப வெளியேறியதையும் மயக்க ஊசி போட்டுப் பிடித்துவரப்பட்டதையும் குறையாகவே செய்திகள் எழுதின. விலகுதலே தற்காப்பு என்று எடுத்துக்கொண்டால், அது செய்தது அதன் இயல்பான வேலையை. ஷியோப்பூர், சிவபுரி மாவட்டங்களின் திறந்த புதர்நிலங்களிலும் வயல் ஓரங்களிலும் இப்படி விலகும் விலங்குகள் தங்குவதற்கு ஊரார் இசைவு கிடைத்தால், கூனோ இந்த நான்கில் மிகப் பெரிய வாய்ப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிடித்துவந்து சிறுத்தைகளின் நடுவே விட்டால், மிகப் பலவீனமான வாய்ப்பும் அதுவே.

இரண்டாவது வழி, வேலி. மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் சம்பல் ஆற்றங்கரையில் உள்ள காந்தி சாகர் சரணாலயத்தில் 64 சதுர கிலோமீட்டரை வேலியிட்டு, உள்ளிருந்த சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வெளியேற்றி, 2025 ஏப்ரல் 20 அன்று பிரபாஷ், பாவக் என்னும் இரு ஆண்களை விட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் சிவிங்கிப்புலிகளைப் பல வேலியிட்ட காப்பகங்களில் வைத்து, இடையிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பேணும் முறை 2011 முதல் நடந்துவருகிறது. காந்தி சாகருக்கு முன்மாதிரி அதுவே. வேலியில்லாத காப்பகத்தில் சிவிங்கிப்புலியை மீள்குடியேற்றி வென்ற வரலாறே இல்லை என்று அந்த முறையை நடத்திய வின்சென்ட் வான் டெர் மெர்வே 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த அனுபவத்தைப் புறக்கணிக்க முடியாது.

வேலிக்குள் குட்டிகள் பிழைக்கும், எண்ணிக்கை கூடும், அமைச்சர்கள் காட்டுவதற்குப் படமும் கிடைக்கும். ஆனால் மூன்று செலவுகள் கணக்கில் ஏறாமல் போகின்றன. முதலாவது, பரப்பு. 64 சதுர கிலோமீட்டர் என்பது செரெங்கெட்டிப் பெண்ணொன்றின் நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரையை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, சிறுத்தை ஏறும், தாண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் முடிந்துவிடாது, ஆண்டுதோறும் காவல் வேண்டும். மூன்றாவது, எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது: வெளியேற்றிய சிறுத்தை எங்கே போகிறது? மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001-க்குப் பின் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டபோது, மனிதர்மீதான தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரி நான்கிலிருந்து பதினேழாக உயர்ந்தன என்று வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். இடம் பெயர்க்கப்பட்ட சிறுத்தை புதிய காட்டில் அமைதியாகக் குடியேறுவதில்லை. காந்தி சாகரில் சிவிங்கிப்புலிக் குட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் விலையை வேலிக்கு வெளியே ஆடு மேய்ப்பவர் கொடுக்க நேரலாம். அவர் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது.

வேலிக்குள் இன்னொரு மாற்றமும் எதிர்பார்க்கத்தக்கது. மேலே இருந்த விலங்கை அகற்றினால் கீழே இருப்பவை நிமிரும். சிறுத்தைக்கு அஞ்சியிருந்த நரி பெருகும். நரி, மான்கன்றுகளை எடுக்கும். இரைக்காகக் கொண்டுவந்த மான்களின் பெருக்கம் அந்த அளவுக்குத் தடைப்படும். காட்டுப்பூனை, குள்ளநரி போன்றவற்றின்மீது இது எப்படி விழும் என்பதை வேலி போட்ட முதல் நாளிலிருந்தே தானியங்கிக் கேமராக்கள் வைத்து அளந்திருக்க வேண்டும். சிவிங்கிப்புலியைப் பற்றி மட்டுமே அளப்பது இத்திட்டத்தின் பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வழி, மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள நௌராதேகி. 2010-இல் காட்டுயிர் வல்லுநர்கள் ரஞ்சித்சிங், ஜாலா இருவரும் பத்து இடங்களை ஆராய்ந்து பரிந்துரைத்த மூன்றில் இதுவும் ஒன்று. மற்றவை கூனோவும், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் உள்ள ஷாகட்டும். அப்போது நௌராதேகி ஓநாய்களுக்குப் பெயர்பெற்ற, புலி இல்லாத சரணாலயம். 2018-இல் அங்கே புலிகள் விடப்பட்டன, அவை பெருகின, 2023-இல் துர்காவதி பெயரிலான புலிகள் காப்பகமாக அது விரிந்தது. இப்போது அங்கே சிவிங்கிப்புலியை விடலாம் என்று சொல்பவர்கள் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள்: புலி இருந்தால் சிறுத்தை குறையும், சிறுத்தை குறைந்தால் சிவிங்கிப்புலிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

முதல் பாதி உண்மைதான். உத்தராகண்டின் ராஜாஜி காட்டில் சீல்லா பகுதியிலிருந்து கால்நடை மேய்க்கும் வனகுஜ்ஜர் குடும்பங்கள் வெளியேறி, புலிகள் மீண்டெழுந்தபோது, சில ஆண்டுகளுக்குள் சிறுத்தைகளின் அடர்த்தி நூறு சதுர கிலோமீட்டருக்கு 9.76-இலிருந்து 2.07 ஆக இறங்கியது. அதே ஆய்வின் அடுத்த வரியைத்தான் பலர் படிப்பதில்லை: எஞ்சிய சிறுத்தைகளின் உணவில் கால்நடைகளின் பங்கு 6.8 விழுக்காட்டிலிருந்து 31.8 விழுக்காடாக ஏறியது. அதாவது சிறுத்தை மறைந்துவிடவில்லை. காட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. புலிக்கு அஞ்சி ஓரத்துக்கு வரும் சிவிங்கிப்புலி அங்கே ஏற்கெனவே ஒதுங்கிய சிறுத்தையைச் சந்திக்கும். கர்நாடகத்தின் நாகரகொளே காட்டில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் ஒன்றாக வாழ்வதைச் சான்று காட்டுவார்கள். அங்கே புலி கொன்ற இரையின் சராசரி எடை 91.5 கிலோ, சிறுத்தையுடையது 37.6 கிலோ, செந்நாயுடையது 43.4 கிலோ, காட்டெருமை, கடமான், புள்ளிமான் என்று எல்லா அளவிலும் இரை கொழித்ததால் அந்தப் பங்கீடு நடந்தது. சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் தேடுவதோ ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரையை. புலி பெரிய விலங்கைத் தேடிக்கொள்ளும் என்பதால் இவ்விரண்டுக்கும் இடையிலான போட்டி தணியாது. நௌராதேகியின் ஓநாய்களும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. ஏற்கெனவே புலியின் வருகைக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கும் விலங்கின்மீது மேலும் ஒன்றை ஏற்றுவதற்கு நியாயம் காண முடியவில்லை. இந்த வழியை நான் நிராகரிக்கிறேன்.

நான்காவது, குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள பன்னி புல்வெளி. அங்கே அடைப்புகளோடு ஓர் இனப்பெருக்க மையம் அமைக்கும் வேலை நடந்திருக்கிறது. நிலத்தின் இயல்பைப் பார்த்தால் நான்கிலும் சிவிங்கிப்புலிக்கு மிக நெருக்கமானது இதுவே: கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, புலி இல்லை, சிறுத்தை பதுங்கி வாழும் காடும் இல்லை. சிவிங்கிப்புலியே இங்கே மேல்நிலை விலங்காகிவிடும். அப்போது கேள்வியும் திரும்பிக்கொள்கிறது: சிவிங்கிப்புலியின் வருகை கீழே இருக்கும் ஓநாய், நரி, அருகிவரும் காரகல் பூனை ஆகியவற்றை என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். ஆனால் பன்னியில் இரை போதாது. சீமைக்கருவேலம் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகள் தலைமுறைகளாக மேயும் நிலம் அது. அவர்களுடைய உரிமைக் கோரிக்கையைத் தீர்க்காமல் அதைக் காப்பகம் என்று வரைபடத்தில் நிறம் தீட்ட முடியாது. சிறுத்தை இல்லை என்னும் நன்மை, போதிய சிங்காரா மானும் இல்லை என்னும் குறையால் இப்போதைக்கு அடிபட்டுப்போகிறது. சீமைக்கருவேலத்தை வெட்டிப் புல்லை மீட்பதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் விலங்குகளைக் கொண்டுவந்து அடைப்பில் வைத்தால் அது மிருகக்காட்சிசாலைக்குச் சற்றுப் பெரிய வடிவமாகவே இருக்கும்.

ஆகவே நான் கூனோவைத் தேர்ந்தெடுக்கிறேன், வேலியில்லாமல், சிறுத்தைகளைப் பிடிக்காமல். காந்தி சாகரின் வேலியைக் குட்டிகளைப் பெருக்கும் நாற்றங்காலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை இன்னும் பெரிதாக்கவோ, அதற்காக மேலும் சிறுத்தைகளை வெளியேற்றவோ கூடாது. சிறுத்தையைப் பார்த்தே அறியாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டியைப் பின்னாளில் திறந்த காட்டில் விடுவது, சிறுத்தைகளுக்கு நடுவில் பிறந்து தாயிடம் ஒதுங்கக் கற்ற குட்டியை விடுவதற்கு ஈடாகாது என்பதே இத்தேர்வின் அடிப்படை. இழப்பு நேரும், முதல் சில ஆண்டுகளில் அது வேலிக்குள் நேர்வதைவிட அதிகமாகவே இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளும் துணிவு அரசுக்கு இருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒவ்வொரு சாவும் தொலைக்காட்சியில் விவாதமாகிறது.

இத்தேர்வு வேலை செய்ய இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். சிவிங்கிப்புலிகளுக்கு மட்டும் காலர் மாட்டாமல் கூனோவின் சிறுத்தைகள் சிலவற்றுக்கும் மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் எங்கிருக்கின்றன என்று தெரியாவிட்டால் விலகல் நடக்கிறதா என்பதை ஊகிக்கத்தான் முடியும். இரண்டாவது, புலியை முன்கூட்டியே கணக்கில் கொள்வது. ராஜஸ்தானின் ரந்தம்போரிலிருந்து வந்த டி-38 என்னும் ஆண் புலி பல ஆண்டுகள் கூனோவில் தங்கியிருந்தது. அருகிலுள்ள மாதவ் பூங்காவில் 2023-இல் புலிகள் விடப்பட்டு, 2025-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. அங்கிருந்து கூனோவுக்குப் புலி வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பெண் புலியொன்று கூனோவில் குடியேறிக் குட்டி ஈன்றால், சீல்லாவில் நடந்தது இங்கும் நடந்து, சிறுத்தைகள் ஓரங்களுக்கு நகரும். சிவிங்கிப்புலிகள் ஒதுங்கவேண்டிய இடமும் அதே ஓரங்கள்தாம்.

திறந்த காட்டில் பிறக்கும் குட்டிகளில் எத்தனை ஒன்றரை வயதைத் தாண்டுகின்றன என்பதே முடிவை மாற்றவேண்டிய எண். கலகாடியில் கண்ட மூன்றில் ஒரு பங்கை அது நெருங்கினால் கூனோவின் எல்லைக்கு வெளியே நிலம் தேடலாம். பல ஈற்றுகள் கழிந்தும் செரெங்கெட்டியின் பழைய எண்ணருகிலேயே நின்றால், புதிதாக விலங்குகளை வரவழைப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தைப் பன்னியில் சீமைக்கருவேலம் வெட்டச் செலவிடுவது மேல்.